கழுத்துத் தமனியில் படிவு: ஸ்கேன் அறிக்கையை எவ்வாறு புரிந்துகொள்வது?

எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர் ஓர் உறையைக் கையில் ஏந்தி வருகின்றனர். உறைக்குள் கழுத்து டாப்ளர் ஸ்கேன் அறிக்கை இருக்கும். அதில் ஒரு சதவீத எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டமிடப்பட்டிருக்கும். "எழுபது சதவீதம் அடைப்பு என்று போட்டிருக்கிறது. இன்னும் எத்தனை நாளில் பக்கவாதம் வரும்?" என்று நோயாளி கேட்பார். உடன் வந்த மகனோ மகளோ, "உடனே ஆபரேஷன் செய்துவிடலாமா?" என்று கேட்பார். வேறு சிலர் இதற்கு நேர்மாறானவர்கள். "நாற்பது சதவீதம்தானே, பயமில்லை" என்று அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, நடந்த ஓர் அறிகுறியை எங்களிடம் சொல்லவே மறந்துவிடுவார்கள்.

விளக்கத்திற்காக இருவரை எண்ணிக்கொள்வோம். முதலாமவர் 62 வயது ஆண். எந்தத் தொந்தரவும் இல்லாமல் முழு உடல் பரிசோதனைக்குச் சென்றவர். அவருடைய அறிக்கையில் 75 சதவீதக் குறுகல் என்றிருக்கிறது. இரண்டாமவர் 58 வயதுப் பெண். இரண்டு நாட்களுக்கு முன்பு அவருடைய இடக் கண்ணில் திரை இறங்கியதுபோல் பார்வை மறைந்து, பத்து நிமிடத்தில் மீண்டது. அவருடைய அறிக்கையில் இடப்பக்கக் கழுத்துத் தமனியில் 45 சதவீதக் குறுகல் என்றிருக்கிறது. இந்த இருவருள் யாரை நாங்கள் முதலில் உள்ளே அழைப்போம்? இக்கட்டுரையைப் படித்து முடிக்கும்போது அதற்கான விடை உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த விடைக்கான காரணத்தைப் புரிந்துகொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

கழுத்திலிருந்து மூளைக்கு

மூளையின் எடை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே. ஆயினும், ஓய்வில் இருக்கும் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் இரத்தத்தின் பெரும்பகுதி, கழுத்தின் இருபுறமும் செல்லும் கரோட்டிட் தமனிகள் வழியாகவே மூளையை அடைகிறது. குரல்வளைக்குப் பக்கவாட்டில் விரலை மெதுவாக வைத்தால் உணரப்படும் துடிப்பு இத்தமனியினுடையதே.

குரல்வளையின் மேல்விளிம்பு உயரத்தில் இத்தமனி இரண்டாகக் கிளைக்கிறது. வெளிக்கிளை முகத்திற்கும் தலையின் தோலுக்கும் செல்கிறது. உட்கிளை கண்ணுக்கும் மூளைக்கும் செல்கிறது. ஆறு கிளைபிரியும் இடத்தில் நீர் சுழன்று, ஓரத்தில் வண்டல் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தமனி கிளைக்கும் இடத்திலும் இரத்த ஓட்டம் சீராக இல்லாமல் சுழல்கிறது. அங்குள்ள உட்சுவர் அதனால் பாதிப்புக்கு எளிதில் உள்ளாகிறது. கழுத்துத் தமனிப் படிவு பெரும்பாலும் இந்த இடத்தில் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

படிவு எவ்வாறு உருவாகிறது?

உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், இரத்தத்தில் மிகுந்த கெட்ட கொழுப்பு, முதுமை ஆகியவை தமனியின் மெல்லிய உட்படலத்தைச் சேதப்படுத்துகின்றன. சேதமுற்ற இடத்தில் கொழுப்பு சுவருக்குள் நுழைகிறது. அதை அகற்ற வெள்ளணுக்கள் உள்ளே செல்கின்றன. அவை கொழுப்பை விழுங்கி, அங்கேயே மடிகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது, சுவருக்குள் கூழ் போன்ற ஒரு கொழுப்புக் கருவும், அதன் மேல் நார்த்திசுவால் ஆன ஒரு மூடியும் உருவாகின்றன. சில இடங்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிறது. இந்த முழு அமைப்பையே அறிக்கைகள் 'பிளேக்' என்று குறிப்பிடுகின்றன. நாங்கள் இங்கே அதைப் 'படிவு' என்று அழைக்கிறோம்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். குழாயின் உட்புறத்தில் துரு ஒட்டுவதுபோல் படிவு ஒட்டுவதில்லை. அது சுவருக்குள்ளேயே வளர்கிறது. வளரும்போது தொடக்கத்தில் சுவர் வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது. ஆகவே, கணிசமான படிவு இருந்தும் இரத்தம் செல்லும் உள்வழி அதிகம் குறுகாமல் இருக்கக்கூடும்.

அடைப்பா, உடைப்பா?

கழுத்துத் தமனி நோய்க்கும் பக்கவாதத்திற்கும் உள்ள தொடர்பை, கனடாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1951இல் தெளிவாக எடுத்துரைத்தார். பக்கவாதம் என்றாலே மூளைக்குள் உள்ள குழாயின் கோளாறு என்று பலரும் கருதிய காலம் அது. நோயின் வேர் கழுத்தில் இருக்கக்கூடும் என்பதை அவருடைய ஆய்வு உணர்த்தியது. பெரிய பக்கவாதத்திற்கு முன்பாகச் சிலருக்குக் குறுகிய நேர அறிகுறிகள் வந்து மறைகின்றன என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

கழுத்துத் தமனிப் படிவு இரண்டு வழிகளில் பக்கவாதத்தை உண்டாக்கலாம். முதல் வழி, உள்வழி மிகவும் குறுகி மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைவது. இரண்டாவது வழி, படிவின் மூடி கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் இரத்தத்தோடு தொடர்பு கொள்வது. அந்த இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் திரண்டு உறைகட்டி உண்டாகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து, ஓட்டத்தோடு மேலே சென்று, மூளையின் சிறு தமனி ஒன்றை அடைத்துவிடுகிறது. கழுத்துத் தமனியால் வரும் பக்கவாதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வழியிலேயே நேர்கின்றன.

மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. ஒரு பக்கத் தமனி மெல்ல மெல்லக் குறுகினால், பலருக்கு மறுபக்கத் தமனி அவ்வளையத்தின் வழியே ஈடுசெய்துவிடுகிறது. கழுத்துத் தமனி ஒன்று முற்றிலும் அடைபட்டும் எந்தக் குறையும் இன்றி வாழ்வோர் உள்ளனர். ஆனால் திடீரென மேலே வரும் ஒரு துணுக்கை இந்த வளையத்தால் தடுக்க இயலாது. எனவே, எவ்வளவு அடைப்பு என்று கேட்பதோடு நிறுத்தாமல், இந்தப் படிவு உடையக்கூடியதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

டாப்ளர் ஸ்கேன்: முதல் படி

கழுத்து டாப்ளர் என்பது அல்ட்ராசவுண்ட் பரிசோதனை. இதில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, வெறும் வயிற்றோடு வர வேண்டிய தேவையும் இல்லை. கழுத்தில் ஜெல் தடவி, ஒரு சிறு கருவியை மேலே நகர்த்திப் பார்ப்பார்கள். பொதுவாக அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்.

தோட்டக்குழாயின் முனையை விரலால் பாதி மூடினால் நீர் வேகமாகப் பீறிடுகிறது. தமனியிலும் அவ்வாறே, குறுகிய இடத்தில் இரத்தம் வேகமெடுக்கிறது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறுகிறது என்று ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விளக்கினார். இரத்தச் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியில் அந்த மாற்றத்தை அளந்து, இரத்தத்தின் வேகத்தைக் கருவி கணக்கிடுகிறது. உட்கிளைத் தமனியில் உச்ச வேகம் வினாடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால், குறுகல் பொதுவாக 50 சதவீதத்திற்கும் குறைவு. 125 முதல் 230 வரை என்றால் 50 முதல் 69 சதவீதம். 230ஐத் தாண்டினால் 70 சதவீதம் அல்லது அதற்கு மேல். டாப்ளர் அறிக்கையில் உள்ள சதவீதம் நேரடியாக அளவுகோல் வைத்து அளந்ததன்று, பெரும்பாலும் வேகத்திலிருந்து கணிக்கப்பட்டது என்பதை இதிலிருந்து அறியலாம்.

டாப்ளர் படத்தில் படிவின் தோற்றமும் ஓரளவு தெரியும். சுண்ணாம்பு படிந்த கெட்டியான பகுதி வெண்மையாகத் தெரியும். கொழுப்பும் இரத்தமும் மிகுந்த மென்மையான பகுதி கறுத்துத் தெரியும். மேற்பரப்பில் பள்ளம் இருந்தால் அதையும் காணலாம். இத்தகைய கறுத்த, பள்ளமுள்ள படிவுகளை நாங்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறோம். எனினும், டாப்ளருக்கு எல்லைகள் உண்டு. தாடைக்கு மேலே உள்ள பகுதியை அது நன்கு காட்டாது. சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் நிழல் விழுந்து படம் மறையும். பரிசோதிப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தும் முடிவு சற்று மாறும்.

ஒரே தமனிக்கு இரண்டு சதவீதங்கள் வருவது ஏன்?

"சென்ற மாதம் ஓரிடத்தில் எடுத்தபோது 81, இங்கே 70. எது சரி?" என்று சிலர் கேட்கின்றனர். இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்புண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். குறுகிய இடத்தில் உள்வழியின் அகலம் 1.5 மில்லிமீட்டர். அதற்கு மேலே, தமனி இயல்பாக இருக்கும் இடத்தில் அகலம் 5 மில்லிமீட்டர். இந்த இரண்டையும் ஒப்பிட்டால் குறுகல் 70 சதவீதம். இது வட அமெரிக்க ஆய்வான நாஸ்செட் பின்பற்றிய முறை. ஆனால், குறுகல் உள்ள இடம் தமனி இயல்பாகவே பருத்திருக்கும் இடம். படிவு வருமுன் அங்கே அகலம் 8 மில்லிமீட்டர் இருந்திருக்கும் என்று கொண்டு ஒப்பிட்டால் குறுகல் 81 சதவீதம். இது ஐரோப்பிய ஆய்வு பின்பற்றிய முறை. தமனி ஒன்றே, படிவும் ஒன்றே. கணக்கிடும் முறை மட்டுமே வேறு.

விட்டத்தை அளப்பதற்கும் பரப்பை அளப்பதற்கும் இடையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. வட்டமான உள்வழியின் விட்டம் 50 சதவீதம் குறைந்தால் அதன் பரப்பு 75 சதவீதம் குறைந்திருக்கும். ஆகவே, இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது எண்களை மட்டும் அருகருகே வைத்து "நோய் கூடிவிட்டது" என்றோ "குறைந்துவிட்டது" என்றோ முடிவு செய்ய வேண்டாம். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். தொடர் பரிசோதனைகளை இயன்றவரை ஒரே இடத்தில் செய்துகொள்ளுங்கள். பழைய அறிக்கைகளையும் படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

சி.டி. மற்றும் எம்.ஆர்.ஐ.: அடுத்த படிகள்

மூளையின் இரத்தக்குழாய்களை உயிருள்ள மனிதரில் முதன்முதலாகப் படமெடுத்தவர் போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ். ஆண்டு 1927. கழுத்துத் தமனிக்குள் சாயமருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். அதன் வழித்தோன்றலான ஆஞ்சியோகிராம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் தமனிக்குள் குழாயைச் செலுத்துவதால், சிறிய அளவிலேனும் அதிலேயே பக்கவாத அபாயம் உண்டு. எனவே, பெரும்பாலானோருக்கு இப்போது சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம் போதுமானதாகிவிட்டது.

சி.டி. ஆஞ்சியோகிராமில் கையிலுள்ள சிரை வழியே சாயமருந்து ஏற்றப்படுகிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி முதல் மூளை வரை முழு வழியும் சில வினாடிகளில் படமாகிவிடும். குறுகலின் அளவு, சுண்ணாம்புப் படிவு, மேற்பரப்பில் உள்ள பள்ளம் ஆகியவை தெளிவாகத் தெரியும். மூளைக்குள் இருக்கும் தமனிகளையும் இதில் பார்க்கிறோம். இது நமக்கு மிக முக்கியம். ஏனெனில், ஆசிய மக்களிடையே மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளின் குறுகலும் பக்கவாதத்திற்கு ஒரு பெரிய காரணமாக உள்ளது. கழுத்து ஸ்கேன் இயல்பாக இருப்பதால் மட்டும் ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது.

படிவின் உட்பொருளை மிக நன்றாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. கொழுப்புக் கரு எவ்வளவு பெரிது, மூடி தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்பவற்றை இதற்கென்றே அமைந்த படவரிசைகள் காட்டுகின்றன. படிவுக்குள் இரத்தம் கசிந்திருந்தால் அது பளிச்சென வெண்மையாகத் தெரியும். இவ்வாறு உட்கசிவு உள்ளவர்களுக்குப் பின்னாளில் பக்கவாதம் வரும் வாய்ப்பு, கசிவு இல்லாதவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒருமித்துக் காட்டியுள்ளன. குறுகல் குறைவாக இருப்பவர்களிடமும் இத்தகைய கசிவு காணப்படுகிறது.

இந்த அறிவை அன்றாடச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் முயற்சியாக, பன்னாட்டு நிபுணர்கள் 'பிளேக்-ராட்ஸ்' என்னும் தரவரிசையை அண்மையில் உருவாக்கியுள்ளனர். அதில் முதல் தரம் என்றால் படிவே இல்லை. இரண்டாம் தரத்தில் படிவு உண்டு, ஆனால் சுவரின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே. மூன்றாம் தரத்தில் தடிமன் அதற்கு மேல், அல்லது ஆறிய புண்ணின் தடம் உண்டு. உட்கசிவோ, கிழிந்த மூடியோ, உள்வழியில் உறைகட்டியோ இருந்தால் அது நான்காம் தரம். குறுகலின் சதவீதத்தைத் தாண்டிப் படிவின் இயல்பைக் கொண்டு ஆபத்தை மதிப்பிடுவது இதன் அடிப்படை. எல்லா மையங்களிலும் இது இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை. ஆதலால், உங்கள் அறிக்கையில் இது இல்லையெனில் குறைபாடு என்று எண்ண வேண்டாம்.

படத்தைவிட முந்திக்கொள்ளும் செய்தி

எந்த ஸ்கேனும் காட்டாத ஒன்றை நோயாளியும் குடும்பத்தாரும் மட்டுமே சொல்ல முடியும். அதுதான் அறிகுறி. முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல் அல்லது மரத்துப்போதல், பேச்சு குழறுதல், சொல் வராமை, பிறர் பேசுவது புரியாமை, ஒரு கண்ணில் மட்டும் பார்வை மறைதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால் அவை எச்சரிக்கைகள். இடப்பக்கக் கழுத்துத் தமனியிலிருந்து துணுக்கு மூளைக்குச் சென்றால் உடலின் வலப்பக்கம் பாதிக்கும். பெரும்பாலானோருக்குப் பேச்சும் பாதிக்கும். அதே துணுக்கு கண்ணுக்குச் சென்றால் இடக் கண்ணே பாதிக்கும்.

இவை சில நிமிடங்களில் தாமாகவே சரியாகிவிட்டால் அதை 'டி.ஐ.ஏ.' என்றும் 'மினி ஸ்ட்ரோக்' என்றும் கூறுகிறோம். சரியாகிவிட்டதே என்று வீட்டில் நிம்மதி கொள்கிறார்கள். "காற்று பட்டிருக்கும்", "தூக்கம் போதவில்லை", "சர்க்கரை இறங்கியிருக்கும்" என்று தாமே காரணம் கற்பித்துக்கொள்கிறார்கள். உண்மையில் கழுத்தில் உள்ள படிவு உடைந்து ஒரு துணுக்கை அனுப்பிவிட்டது. அடுத்த துணுக்கு கரையாமல் போகலாம். டி.ஐ.ஏ.க்குப் பின் வரும் பக்கவாதங்களில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே வந்துவிடுகின்றன.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. டி.ஐ.ஏ. அல்லது சிறிய பக்கவாதம் வந்தவர்களுக்கு முன்பு இருந்த தாமதத்தைத் தவிர்த்து, உடனடியாகப் பரிசோதித்து உடனடியாக மருந்து தொடங்கினார்கள். அடுத்த 90 நாட்களில் மீண்டும் பக்கவாதம் வருவது 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கே பயன்படுத்தப்படவில்லை. ஏற்கெனவே இருந்த மருந்துகளை விரைந்து கொடுத்தார்கள், அவ்வளவே.

அறுவைச் சிகிச்சை யாருக்கு?

லண்டனின் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் 1954இல் ஒரு பெண்ணுக்கு நடந்த அறுவைச் சிகிச்சை, இத்துறையின் தொடக்கங்களில் ஒன்று. திரும்பத் திரும்ப டி.ஐ.ஏ. வந்துகொண்டிருந்த அவருடைய கழுத்துத் தமனியின் குறுகிய பகுதியை அகற்றி மீண்டும் இணைத்தனர். இப்போது தமனியைத் திறந்து படிவை மட்டும் வழித்தெடுக்கும் 'எண்டார்ட்டரெக்டமி' வழக்கத்தில் உள்ளது. சிலருக்குத் தொடை வழியாகவோ வேறு வழியாகவோ குழாயைச் செலுத்தி ஸ்டென்ட் வைக்கப்படுகிறது.

1991இல் வெளியான நாஸ்செட் ஆய்வில், அண்மையில் அறிகுறி ஏற்பட்டு 70 சதவீதத்திற்கு மேல் குறுகல் இருந்தவர்களை இரு பிரிவாக்கினர். மருந்து மட்டும் பெற்ற 100 பேரில் 26 பேருக்கு இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவைச் சிகிச்சையும் பெற்றவர்களில் அது 9 பேராகக் குறைந்தது. குறுகல் 50 முதல் 69 சதவீதம் வரை இருந்தவர்களுக்கும் பயன் இருந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. 50 சதவீதத்திற்குக் கீழே பயன் தெரியவில்லை. அறிகுறி வந்த இரண்டு வாரங்களுக்குள் செய்தால் பயன் மிகுதி என்பதும் பின்னர் தெளிவாயிற்று. உள்வழி 100 சதவீதமும் அடைபட்டுவிட்டால் பொதுவாக அதைத் திறக்க முற்படுவதில்லை. அடைபட்ட தமனியிலிருந்து துணுக்குகள் மேலே செல்வதும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. "நூறு சதவீதம் அடைப்பு, ஆனாலும் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்களே" என்று குழம்பும் குடும்பங்களுக்கு இதுவே எங்கள் பதில்.

அறிகுறியே இல்லாதவர்களின் நிலை வேறு. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 60 சதவீதத்திற்கு மேல் குறுகல் இருந்தவர்களில், ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் வரும் வாய்ப்பு மருந்துப் பிரிவில் 11 சதவீதமாகவும் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 5 சதவீதமாகவும் மதிப்பிடப்பட்டது. அதற்குப் பின் ஸ்டாட்டின் மருந்துகளும் சீரான இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் பரவலாகி, மருந்துச் சிகிச்சையிலேயே ஆபத்து வெகுவாகக் குறைந்துள்ளது. இன்று நல்ல மருந்துச் சிகிச்சையில் இருக்கும் இத்தகையோருக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற அளவில் உள்ளது. அதாவது, 75 சதவீதக் குறுகல் என்பதற்கு, பக்கவாதம் வர 75 சதவீத வாய்ப்பு என்று பொருளன்று. அறுவைச் சிகிச்சையிலும் ஸ்டென்ட்டிலும் சிறிய அபாயம் உண்டு. எனவே படிவின் இயல்பு, வயது, இதயத்தின் நிலை, நோயாளியின் விருப்பம் ஆகிய அனைத்தையும் எடைபோட்டே முடிவு செய்கிறோம்.

இதே காரணத்தால், எந்தத் தொந்தரவும் இல்லாத எல்லோரும் கழுத்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கூறுவதில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் அத்தகைய பொதுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கவில்லை. தேவையற்ற ஸ்கேன் தேவையற்ற அறுவைச் சிகிச்சைக்கு இட்டுச் செல்லக்கூடும்.

மருந்து என்ன செய்கிறது?

ஸ்டாட்டின் மருந்து எடுக்கும் நோயாளிகளின் படிவை எம்.ஆர்.ஐ. வழியாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் நம்பிக்கையூட்டும் செய்தியைத் தந்துள்ளன. மாதங்களும் ஆண்டுகளும் செல்லச் செல்ல, படிவின் கொழுப்புக் கரு சுருங்குகிறது. ஆனால் உள்வழியின் அகலம் அதிகம் மாறுவதில்லை. "ஓராண்டு மாத்திரை சாப்பிட்டும் அதே 60 சதவீதம்தான் இருக்கிறது, மருந்தால் பயனில்லை" என்று நிறுத்திவிடுபவர்களை நாங்கள் பார்க்கிறோம். சதவீதம் மாறாமல் இருக்கும்போதே படிவு உடையும் தன்மை குறைந்து உறுதிப்பட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே, மருந்தைத் தொடருங்கள்.

பக்கவாதமோ டி.ஐ.ஏ.யோ வந்து, தமனிப் படிவும் உள்ளவர்களுக்குக் கெட்ட கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் பெரும்பாலானோருக்கு 130/80க்குக் கீழே இருப்பது நல்லது. தட்டணுக்கள் திரள்வதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோப்பிடோக்ரெல் மாத்திரையைத் தவறாமல் எடுக்க வேண்டும். டி.ஐ.ஏ. வந்த தொடக்க வாரங்களில் இரண்டையும் சேர்த்துத் தருவதுண்டு. பல் பிடுங்குவதற்காகவோ வெளியூர்ப் பயணத்தாலோ இவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. புகைப்பழக்கத்தை அறவே விட வேண்டும். முடிதிருத்தும் நிலையங்களில் கழுத்தைத் திருகி நெட்டி எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் கைவிடுங்கள். அது கழுத்துத் தமனியின் உட்சுவரைக் கிழித்துவிடக்கூடும்.

ஸ்கேனுக்கு வரும் முன்

சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு வருபவர்கள் சிறுநீரகக் கோளாறு, சாயமருந்து ஒவ்வாமை, மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பது ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு வருபவர்கள் பேஸ்மேக்கர், மூளையில் பொருத்தப்பட்ட கிளிப், கண்ணிலோ உடலிலோ உள்ள உலோகத் துணுக்கு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ.யின்போது கழுத்தை அசைக்காமல், இயன்றவரை குறைவாக விழுங்க வேண்டும். ஒவ்வொரு விழுங்கலும் தமனியின் படத்தை மங்கச் செய்யும்.

அறிக்கை வந்தபின் உங்கள் மருத்துவரிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு வந்த அறிகுறி இந்தத் தமனியால் வந்ததா? குறுகலை எந்த முறையில் அளந்துள்ளீர்கள்? படிவு எத்தகையது: மென்மையானதா, கெட்டியானதா, பள்ளமுள்ளதா? மூளைக்குள் உள்ள தமனிகளும் இதயமும் எவ்வாறு உள்ளன? மருந்து, அறுவைச் சிகிச்சை, ஸ்டென்ட் ஆகியவற்றுள் எனக்கு எது, ஏன்?

இப்போது அந்த இருவரிடம் திரும்புவோம். 45 சதவீதம் என்ற அறிக்கையோடு வந்த பெண்மணியை நாங்கள் முதலில் அழைப்போம். அவரை அன்றே மருத்துவமனையில் சேர்த்து, மருந்தைத் தொடங்கி, இதயத்தையும் மூளையையும் பரிசோதித்து, படிவின் உட்புறத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவோம். அவருடைய படிவு இரண்டு நாட்களுக்கு முன்பே ஒரு துணுக்கை அனுப்பிவிட்டது என்று கருதியே எங்கள் ஒவ்வொரு செயலும் அமையும். 75 சதவீதக் குறுகல் உள்ள பெரியவரை அலட்சியப்படுத்த மாட்டோம். ஆனால் அவருக்கு அவசரம் இல்லை. அவரோடு நிதானமாக அமர்ந்து, மருந்துகளை ஒழுங்குபடுத்தி, அடுத்தது என்ன என்று கலந்து பேச நேரம் இருக்கிறது.

குடும்பத்தாருக்கு ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் ஒருவருக்கு முகமோ கையோ பேச்சோ பார்வையோ திடீரெனத் தடுமாறினால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் எதையும் கொடுக்காதீர்கள். 108ஐ அழைத்து, சி.டி. வசதியும் பக்கவாதச் சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரத்திற்குள் தர வேண்டும். வழியிலேயே எல்லாம் சரியாகிவிட்டாலும் வண்டியைத் திருப்ப வேண்டாம். சரியாகிவிட்ட அந்த நோயாளிக்குத்தான் எங்களால் மிக அதிகமாக உதவ முடியும்.